ஒரு முழப் பாறையும் அறுபதாயிரம் ஆண்டும்: கேள்வி பதில்

போன போயா அன்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் பெர்மியன் காலப் பேரழிவைப் பற்றி, அதாவது சுமார் 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பூமியின் பெரும்பாலான உயிரினங்கள் அழிந்ததைப் பற்றிப் பேசினேன். கேள்வி நேரம் தொடங்கவும் மின்சாரம் போய்விட்டது. ஆளாளுக்குத் துண்டுத் தாளில் எழுதித் தந்துவிட்டுப் போனார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கிண்ணியா, உயர்தர மாணவி: சேர், உயிர்ச்சுவட்டில் ஒரு துண்டை வெட்டி இயந்திரத்தில் வைத்துத்தானே வயது பார்க்கிறார்கள்? காபன்-14 முறையா?

இல்லை மகள். காபன்-14 இன் அரை ஆயுட்காலம், அதாவது அதில் பாதி சிதைந்துபோக எடுக்கும் காலம், 5,730 ஆண்டுகள்தான். ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் தாண்டினால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. நாம் பேசுவது 252 மில்லியன் ஆண்டுக் கதை. அங்கே சுவட்டைத் தொடுவதே இல்லை. அது கிடக்கும் பாறைப் படைக்குக் கீழேயும் மேலேயும் எரிமலைச் சாம்பல் படிந்திருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் அதிர்ஷ்டம். கீழ்ச் சாம்பலுக்கு இளையது, மேல் சாம்பலுக்கு மூத்தது என்று சுவட்டை நடுவில் மாட்டிவிடலாம்.

உவர்மலை, ஓய்வுபெற்ற கணக்காளர்: 252 மில்லியன் என்கிறீர்கள், அழிவு 60,000 ஆண்டில் முடிந்தது என்றும் சொல்கிறீர்கள். கோடி ரூபாய்க் கணக்கில் சதம் வரை சரிபார்த்தேன் என்பதுபோல இருக்கிறதே?

சதம் வரை இல்லை ஐயா. உங்கள் கணக்கில் போட்டால் கோடிக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய் வரும். அதுவும் பெரிய துல்லியம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் மெய்ஷான் என்ற இடத்தில் பழைய சுண்ணக்கல் அகழ்விடம் ஒன்று இருக்கிறது. படைகளுக்கு அங்கே இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். 25ஆம், 28ஆம் படைகள் சாம்பலால் ஆனவை. 25இன் வயது 251.941 மில்லியன், வழு, அதாவது கூடக் குறைய இருக்கக்கூடிய அளவு, 37,000 ஆண்டுகள். 28இன் வயது 251.880 மில்லியன், வழு 31,000. இரண்டுக்கும் இடைப்பட்ட பாறை ஒரு முழத்துக்குள் அடங்கும். பெரும் அழிவு அந்த முழத்துக்குள்தான் நடந்து முடிந்திருக்கிறது.

கடிகாரம் சாம்பலில் இருக்கும் சிர்கோன் என்ற கனியம். பாறைக்குழம்பில் அது படிகமாகும்போது யூரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டத்தட்ட முழுதாக வெளியே தள்ளிவிடும். ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் யூரேனியம் சிதைந்து வந்தது என்று கொள்ளலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுவது. யூரேனியம்-238க்கு அரை ஆயுட்காலம் 4,468 மில்லியன் ஆண்டுகள், யூரேனியம்-235க்கு 704 மில்லியன். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். இடையில் ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, களவு பிடிபட்டுவிடும்.

கசிந்த படிகங்களால் நிறையத் தலைவலி இருந்தது. 25ஆம் படைச் சாம்பலுக்கு 1998இல் 251.4 மில்லியன் என்றார்கள். 2004இல் பேரழிவின் வயது 252.6 என்று வந்தது. இப்போதைய கணக்கு 2014இல் வந்தது. புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுவது இதனால்தான். இப்போது படிகத்தை 900 பாகை அளவில் சில நாட்கள் சூடாக்கி, ஐதரோபுளோரிக் அமிலத்தில் போடுகிறார்கள். பழுதான பகுதி கரைந்துபோகும், நல்ல பகுதியை மட்டும் அளப்பார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். 60,000க்கும் ஒரு வழு உண்டு: கூட்டல் கழித்தல் 48,000. அதாவது 12,000 ஆண்டாகவும் இருக்கலாம், 108,000 ஆகவும் இருக்கலாம். மேடையில் அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

கன்னியா: எங்கள் வெந்நீர் ஊற்றுப் பக்கம் சாம்பல் கிடைக்குமா?

கிடைக்காது. அங்கே எரிமலை இல்லை. வெடிப்புகள் வழியே ஆழத்துக்குப் போன நீர் அங்குள்ள சூட்டில் வெந்து மேலே வருகிறது, அவ்வளவுதான்.

மூதூர், மீனவர்: ஓர் இனத்தின் கடைசிச் சுவடு எந்தப் படையில் இருக்கிறதோ, அன்றோடு அது அழிந்தது என்று எப்படிச் சொல்லலாம் அண்ணன்?

சொல்ல முடியாது தம்பி. உங்களுக்கு இது என்னைவிட நன்றாகவே விளங்கும். சாளை தினமும் வலையில் விழும். கொம்பன் சுறா எப்போதாவதுதான். கடைசியாக ஒரு கொம்பனைக் கண்ட நாள்தான் கடலில் கொம்பன் தீர்ந்த நாள் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள். அரிதான இனத்தின் சுவடு அழிவுக்கு வெகு முன்பே படைகளில் காணாமல் போனதுபோலத் தெரியும். 1982இல் சிக்னர், லிப்ஸ் என்ற இருவர் இதை எடுத்துக்காட்டினார்கள். சடுதியான அழிவுகூட இதனால் படிப்படியாக நடந்ததுபோல் தோன்றும்.

அதனால்தான் பெர்மியன், அதற்கு அடுத்து வந்த திரயாசிக் ஆகிய காலங்களின் எல்லையை அழிவை வைத்துக் குறிக்கவில்லை. கொனோடொன்ற் என்பது விலாங்கு போன்ற சிறு பிராணி. மண்மணி அளவான அதன் வாயுறுப்புகள் மட்டும்தான் பெரும்பாலும் மிஞ்சும். அதில் ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற இனம் மெய்ஷானில் முதலில் தலைகாட்டும் 27சி படைதான் எல்லை என்று 2001இல் முடிவானது. ஆக, அழிவு எல்லைக்குச் சற்றுக் கீழேயே தொடங்கிவிடுகிறது.

தம்பலகாமம்: சைபீரிய எரிமலை வெடிப்புதான் இந்த அழிவுக்குக் காரணம் என்பதற்கு வயது சாட்சி சொல்கிறதா?

சொல்கிறது. அந்தப் பாறைகளையும் இதே முறையில், இதே ஆய்வாளர்களே அளந்தார்கள். வெடிப்பு அழிவுக்குச் சுமார் 300,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒரே தராசில் நிறுத்ததால் இந்த ஒப்பீட்டை நம்பலாம். வேறு வேறு தராசென்றால் தராசுகளின் பிழையே இந்த இடைவெளியை விழுங்கிவிடும்.

நிலாவெளி: கோணமலைப் பாறையில் சுவடுகள் இருக்குமா?

இராது. வெந்து, நசுங்கி, உருமாறிய பாறை அது. விலங்குச் சுவடுகள் பெருகும் காலத்துக்கு முந்தியது. சுவடு பார்க்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லுக்குப் போங்கள். அதுவும் மிகப் பின்னால் வந்த மயோசீன் காலம், பேரழிவோடு சம்பந்தமில்லை.

புல்மோட்டை: எங்கள் கனிய மணலில் சிர்கோன் இருக்கிறதே. அதை அளந்தால் கடற்கரையின் வயது வருமா?

நல்ல கேள்வி, பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். சிர்கோன் சொல்வது தான் பிறந்த நாளை. தான் வந்து சேர்ந்த நாளை அல்ல. புல்மோட்டை மணல் இந்தக் கால அளவில் நேற்று வந்தது. அதிலுள்ள சிர்கோன் உள்நாட்டு மலைகளிலிருந்து ஆறுகள் அரித்துக் கொண்டுவந்தது, 500 மில்லியனுக்கு மேல் வயது காட்டும். எரிமலைச் சாம்பலிலும் இப்படிப் பழைய பாறையிலிருந்து ஒட்டிவந்த படிகங்கள் கலந்திருக்கும். ஆகையால் பல படிகங்களைத் தனித்தனியாக அளந்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் இளைய கூட்டத்தைத்தான் எடுப்பார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பிடி மணல் கொண்டு வாருங்கள். நான் நுணுக்குக்காட்டியோடு வருகிறேன்.