கனூத் புத்தகங்களில் எதை முதலில் படிப்பது?

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் தம்பி, கணினி அறிஞர் டொனால்ட் கனூத் புத்தகங்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1968-இல் முதல் தொகுதி வந்த, நிரலாக்கம் பற்றிய பெரிய நூல்வரிசை ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ அப்புறம் இருக்கட்டும். கிரஹாம், படாஷ்னிக் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய, கணினி அறிவியலுக்கு அடிப்படையான கணிதத்தைச் சொல்லும் ‘கான்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்’தான் முதலில்.

ஆரம்பமே ஹனோய் கோபுரக் கணக்கு. நான் அதை வண்ணாரப்பேட்டை வீட்டில் எவர்சில்வர் டப்பா மூடிகளை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். மூன்று மூடிகள், பெரியது அடியில். ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மொத்தம் மூன்றே இடங்கள், சின்னதன் மேல் பெரியது உட்காரக் கூடாது. 7 நகர்த்தலில் முடியும். நான்கு மூடிக்கு 15. ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள், அந்தச் சந்தோஷமே தனி.

பிறகு படிக்கப்போகும் ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ தொகுதிகளில் ஒவ்வொரு பயிற்சிக்கும் அது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண் உண்டு: 10 ஒரு நிமிட வேலை, 20 கால் மணி நேரம், 50 ஆராய்ச்சிக் கணக்கு. சரி, 20 வரை போட்டாலே இப்போதைக்குப் போதும்.