உணர்வுக்கு விளக்கம் குவாண்டம் இயற்பியலில் இருக்கிறதா?

இப்போதைக்கு இல்லை என்பதுதான் என் பதில். (உணர்வு என்று இங்கே சொல்வது consciousness-ஐ, நோவோ சுவையோ நமக்குள்ளே படுவதை.) காரணத்தை எங்கட மாமாவின் கால் பெருவிரலில் இருந்து தொடங்குகிறேன்.

உப்புவெளியில் இருக்கும் மாமாவுக்குக் கௌட் வருத்தம். ஒரு கிழமை கணவாயும் இறாலுமாய்ப் போனால் விரல் வீங்கிவிடும், கொல்ச்சிசின் குளிசை போடுவார். திருகோணமலையில் மழைக்குப் பற்றைகளில் பூக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கில் இருக்கும் நஞ்சும் இதே சரக்குத்தான். கலங்களுக்குள் டியூபுலின் புரதம் கோத்துக் கட்டும் நுண்குழாய்களை அது கட்டவிடாது.

இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸும் மயக்க மருந்து வைத்தியர் ஸ்டூவர்ட் ஹேமரோஃபும் 1990களில் உணர்வைக் குடிவைத்தது அந்தக் குழாய்களில்தான். ஒவ்வொன்றும் 25 நானோமீற்றர் தடிப்பு. அவற்றில் உருவாகும் குவாண்டம் மேற்பொருந்து நிலை (ஒரே நேரத்தில் பல நிலைகளில் இருப்பது) ஈர்ப்பின் காரணமாகக் குலையும் கணமே உணர்வுக் கணம் என்றார்கள். (பென்ரோஸுக்கு 2020இல் நோபல் கிடைத்தது கருந்துளைக்கு. இதற்கென்று பகிர்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கோ.)

அப்படியென்றால் குளிசை போட்ட மாமாவுக்கு உணர்வு மங்க வேண்டாமா? மனுசன் சொதியில் உப்புக் குறைந்ததை முதல் கரண்டியிலேயே சொல்வார். நல்ல மடக்கு என்று நினைத்திருந்தேன். மெய்யியலாளர்கள் ரிக் கிரஷும் பட்ரீசியா சேர்ச்லண்டும் 1995இலேயே இதைக் கேட்டுவிட்டார்கள். மூளைக்குள் அந்த மருந்து அவ்வளவாகப் போகாது, நரம்புக் கலத்தின் குழாய்களும் எளிதில் கலையாதவை என்று மறுபக்கம் பதில் சொன்னது. நியாயமான பதில். என் மடக்கை விட்டுவிட்டேன்.

விடாமல் நிற்பது சூடு. 37 பாகையில் ஈரமாய் இருக்கும் மூளையில் அந்தக் குவாண்டம் நிலை 10 இன் மைனஸ் 13ஆம் அடுக்குச் செக்கனுக்குள், அதாவது ஒரு செக்கனைப் பத்து லட்சம் கோடியாய்ப் பிரித்த ஒரு பங்குக்குள், கலைந்துவிடும் என்று இயற்பியலாளர் மெக்ஸ் டெக்மார்க் 2000இல் கணக்குப் போட்டார். நரம்புகள் மில்லிசெக்கன் கணக்கில் இயங்குபவை. ஹேமரோஃப் தரப்பு கணக்கைத் திருத்தி மில்லிசெக்கனில் பத்தில் ஒரு பங்கு வரை இழுத்தது. ஆனால் அவர்களுடைய கோட்பாட்டுக்கே தேவைப்பட்டது 25 மில்லிசெக்கன்.

அந்த இடைவெளி அடைபட்டாலும் எனக்கு ஒரு குறை இருக்கும். யூரிக் அசிட் பளிங்குகள் மூட்டில் படிந்து விரலை வீங்க வைப்பது தெரியும், அந்தச் செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போவதும் தெரியும். அது ஏன் மாமாவுக்கு நோகிறது? குழாய்க்குள் குவாண்டம் நிலை குலைந்ததால் என்றாலும், அந்தக் குலைவு ஏன் நோகவேண்டும் என்று திரும்பவும் கேட்கலாமே.