பர்தாவும் வீடியோ காலும்: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் கேட்டவை, ஒரு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ராத்தா, போனில் டாக்டரைப் பார்த்தால் முகம் காட்டித்தான் ஆக வேண்டுமா?

எப்போதுமே காட்ட வேண்டும் என்றில்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலே வீடியோ, குரல், எழுத்து மூன்றையும் ஏற்கிறது. சில மருந்துகளை முதல் தடவை எழுதத்தான் வீடியோ வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனதைச் சொல்ல முகம் எதற்கு? ஆனால் பெயரும் வயதும் உங்களுடையதாக இருக்கட்டும், வெட்கப்பட்டுத் தங்கச்சி பெயரில் பேசினால் மருந்துச்சீட்டும் அவள் பெயரில்தான் வரும். சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: அரசாங்கத்தின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் ஆண் டாக்டர் வந்துவிட்டால்?

பெண் டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள், அதில் தப்பே இல்லை. கிடைக்காதபோது தேவைக்கு ஆண் மருத்துவரிடம் காட்டலாம் என்றுதான் மார்க்க அறிஞர்களான ஆலிம்களும் சொல்கிறார்கள்.

கேள்வி: மாமி பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். சவூதியில் இருக்கும் மச்சானும் (என் கணவர்) லைனில் வருகிறார். எப்படிப் பேசுவது?

என்னைக் கேட்டால் பர்தா பெரிய தடையே இல்லை, கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைக்காததுதான் தடை. கிளினிக்கில் என்றால் "மாமி, கொஞ்சம் வெளியே இருங்க" என்று திரையை இழுத்துவிடுவேன், போனில் அது என்னால் முடியாது. அதனால் இயர்போன் மாட்டச் சொல்லிவிட்டு, ஆமா, இல்லை என்று மட்டும் பதில் வருகிற மாதிரி நானே கேட்பேன்: வெள்ளைப்படுகிறதா, வாடை உண்டா, சேரும்போது வலிக்கிறதா, மச்சான் அடிக்கிறாரா. பக்கத்தில் இருப்பவருக்கு "ஆமா ராத்தா, இல்ல ராத்தா" மட்டும்தான் கேட்கும். மச்சான் லைனில் வருவது உங்களுக்குச் சம்மதம் என்றால் சரி, கடைசி ஐந்து நிமிடம் வரட்டும்.

கேள்வி: உம்மா இத்தாவில் (கணவர் இறந்தபின் பெண் வீட்டோடு இருக்கும் காலம்) இருக்கிறார், சர்க்கரை உண்டு. 4 மாதம் 10 நாள் போனிலேயே சமாளிக்கலாமா?

மாத்திரை அளவை மாற்ற, சந்தேகம் கேட்கப் போன் போதும். வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிவையுங்கள். காலில் புண், நெஞ்சுவலி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும், சிகிச்சைக்கு வெளியே போவதை இத்தா தடுக்காது.

கேள்வி: மார்பில் ஒரு கட்டி. போட்டோ அனுப்பட்டுமா?

வேண்டாம். போட்டோவில் கட்டி தெரியாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் ஸ்கேன் எடுக்க வேண்டும். பெண் டாக்டராகப் பார்த்து இந்த வாரமே நேரில் போங்கள்.