சொந்த ஊர் எது என்று கேட்பது தப்பா?

எல்லையோர வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்தும் வந்திருக்கிறது, ஆந்திராவிலிருக்கும் சித்தூரிலிருந்தும் வந்திருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பாலக்காடு டவுனில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், இரண்டும் எனக்குச் சரளம். ஆனால் என் மலையாளத்தில் நம்ம பக்கத்து இழுப்பு இருக்கும். அதைக் கேட்டதும் ‘தமிழத்தியாணோ? நாடு எவிடெயா?’ (தமிழ்ப் பொண்ணா? ஊர் எது?) என்பார்கள். கொழிஞ்சாம்பாறை என்பேன். உடனே ‘அதல்ல, சரிக்கும் நாடு எவிடெயா?’ (அது இல்லை, உண்மையில் ஊர் எது?) என்று வரும். என் தாத்தா பாட்டி எல்லாருமே இங்கே பிறந்தவங்க என்று சொன்னாலும் நம்பாத மாதிரி ஒரு பார்வை. கூட வேலை செய்யும் சேச்சி, ‘பாசமாத்தானே கேக்கறாங்க, நீ ஏன் முகத்தைத் தூக்கி வச்சுக்கறே’ என்கிறார். கோபப்படுவது என் தப்பா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் கோபத்தில் தப்பே இல்லை தங்கச்சி. ஆனால் சேச்சி சொல்வதிலும் பாதி உண்மை உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்தில் ஊர் கேட்காமல் யாரும் யாரோடும் பழகுவதில்லை. கோயமுத்தூரில் பாலக்காடு பஸ் ஏறி உட்கார்ந்தால் வாளையாறு வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் ஊர், வேலை, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது வரை கேட்டு முடித்திருப்பார், தன் கதையையும் சொல்லி முடித்திருப்பார். கொல்லங்கோடு என்று சொன்னால், ‘அங்கே ரைஸ் மில் பக்கத்துல இன்னார் இருக்காரே, தெரியுமா?’ என்பார். தெரியும் என்றால் அந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் அந்நியர் கிடையாது. இது இரு மொழிக்காரர்களுக்கும் பொதுவான வழக்கம், நல்ல வழக்கம். கேட்பவர் உங்களையும் தன்னையும் சேர்க்கிற ஒரு பெயரை, ஒரு இடத்தைத் தேடுகிறார். இந்தக் கேள்வியை அநாகரிகம் என்று சொல்லி நிறுத்திவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்தவரோடு பேச நமக்கு வேறு வழியே தெரியாது என்றுகூட நினைக்கிறேன்.

உங்களைக் காயப்படுத்துவது அந்த முதல் கேள்வி இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. கொழிஞ்சாம்பாறை என்று நீங்கள் பதில் சொன்ன பிறகும் ‘அதல்ல’ என்கிறார்களே, அங்கேதான் விஷயம் மாறுகிறது. கேட்டவருக்கு இப்போது வேண்டியது உங்கள் ஊர் இல்லை. நீ இங்கே உள்ளவள் இல்லை என்று அவர் மனதில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார், அதை உங்கள் வாயாலேயே சொல்லவைக்கப் பார்க்கிறார். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம், சிரித்துக்கொண்டே கேட்கலாம். ஆனாலும் நாள் பூராவும் கவுன்டரில் நின்று இதற்குப் பதில் சொல்கிறவளுக்கு அந்தச் சிரிப்பால் என்ன ஆறுதல்?

அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் பாலக்காடே மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தது. உங்கள் ஊர் இருக்கிற இன்றைய சித்தூர் தாலுகாவில் ஒரு பகுதி கொச்சி ராஜாவின் ஆட்சியில் இருந்தது. அது 1949-ல் திருவிதாங்கூர்–கொச்சி ஆனது, 1956-ல் கேரளம் ஆனது. நெசவுக்கும் விவசாயத்துக்கும் வியாபாரத்துக்கும் தமிழ் பேசும் சனங்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவதும் போவதும் தங்குவதும் இந்தக் கோடுகளுக்கெல்லாம் வெகு காலம் முந்தியது. உங்கள் கொள்ளுத்தாத்தா தன் வாசலிலேயே நின்றிருப்பார், ராஜ்யத்தின் பெயர்தான் மாறியிருக்கும். அப்படிப்பட்ட ஒருவருடைய பேத்தியிடம் ‘சரிக்கும் நாடு’ எது என்று கேட்டால் அவள் எந்த ஊரைச் சொல்ல முடியும்?

சித்தூர்ப் பக்கம் தமிழ் வழிப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அதை விருந்தாளிக்குக் காட்டும் சலுகை மாதிரிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு சொல்கிறது. மாநிலங்களைப் பிரித்த அதே 1956-ல், எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாட்டிக்கொள்கிறவர்களை நினைத்துத்தான் இதைச் சேர்த்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துக் குடும்பங்களும் பல தலைமுறைக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவைதான். அவர்களிடம் பூர்வீகம் கேட்கிறவர்கள் மரியாதையோடு கேட்கிறார்கள், தேர் பார்க்கப் போகிற இடத்தில் கதை கேட்கிற மாதிரி. அதே கேள்வி செங்கல் சூளையில் வேலை செய்கிறவரிடம் போகும்போது குரல் மாறுகிறது, சில வாய்களில் தமிழர்களை மட்டம் தட்டும் ‘பாண்டி’ என்ற ஏளனமும் ஒட்டிக்கொள்கிறது. நாமும் சுத்தம் இல்லை. தெலுங்கு பேசுகிறவர்களை ‘கொல்ட்டி’ என்று சொல்லிச் சிரிக்கிற வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் போகவில்லை. ஆக, யார் யாரிடம் கேட்கிறார் என்பதைப் பார்க்காமல் கேள்வியின் வார்த்தைகளை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

கவுன்டரில் க்யூ நிற்கும்போது நீங்கள் சரித்திரப் பாடம் நடத்த முடியாது. ‘இதுதன்னெ என்றெ நாடு. சேட்டன்றெ நாடு எவிடெயா?’ (இதுதான் என் ஊர், அண்ணன் ஊர் எது?) என்று திருப்பிக் கேளுங்கள். உண்மையிலேயே பழகக் கேட்டவர் சந்தோஷமாகத் தன் ஊரைச் சொல்வார். மற்றவர் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சிரித்துக்கொண்டே பதில் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, சேச்சியிடமும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் படிக்கிறாள். அங்கே ஒருவரிடம் ‘நீங்கள் எந்த நாடு?’ என்று கேட்டாலே இனவெறி என்கிறார்களாம். ஊர் கேட்பது பாசம் என்று வளர்ந்த நமக்கு இது அதிகப்படியாகத் தெரிகிறதே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கேட்டாலே என்பது அதிகப்படிதான், ஆனால் அவர்கள் எங்கே வலிக்கிறது என்று சொல்கிறார்களோ அந்த இடம் முந்தின கடிதத்தில் இருக்கும் அதே இடம். 2022 நவம்பரில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஒரு விருந்து. குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட கறுப்பினப் பெண்களுக்கு உதவும் அமைப்பை அப்போது நடத்திவந்த நகோசி ஃபுலானி என்ற பெண்மணியிடம், மறைந்த எலிசபெத் ராணிக்குப் பல வருஷம் தோழியாக இருந்த சூசன் ஹஸி எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அவர் லண்டனில் தன் அமைப்பு இருக்கிற ஹாக்னியைச் சொன்னார். உண்மையில் எங்கிருந்து, உங்கள் ஆட்கள் எந்த நாடு என்று திரும்பத் திரும்பக் கேட்டார் ஹஸி, தான் பிரிட்டனிலேயே பிறந்தவள் என்று இவர் சொன்ன பிறகும். விஷயம் வெளியே வந்ததும் ஹஸி பொறுப்பிலிருந்து விலகினார், பிறகு நேரில் சந்தித்து மன்னிப்பும் கேட்டார்.

அமெரிக்க உளவியலாளர் டெரால்ட் விங் சூ 2007-ல் தன் கூட்டாளிகளோடு எழுதிய கட்டுரையில் அன்றாடம் தெரியாமல் செய்கிற சின்னச் சின்ன அவமதிப்புகளைப் பட்டியல் போட்டார். சொந்த நாட்டிலேயே ஒருவரை வெளியூர்க்காரராக்கும் ‘எங்கே பிறந்தீர்கள்?’ மாதிரிக் கேள்விகள் அதில் வருகின்றன. மகளிடம் சொல்லுங்கள், கேட்க ஆசை இருந்தால் முதலில் தன்னைப் பற்றிச் சொல்லட்டும், நான் பொள்ளாச்சி, எங்க ஊரில் தென்னை அதிகம் என்று. எதிரில் இருப்பவருக்கு விருப்பம் இருந்தால் அவரே தன் கதைக்கு வருவார். வராவிட்டால் வேறு பேச்சு பேசலாம்.

கேள்வி: திருத்தணியிலிருந்து வேலை மாற்றத்தில் சித்தூருக்கு வந்தேன். வீடு தேடும்போது ‘மீ இண்டி பேரு ஏமி?’ (உங்கள் வீட்டுப் பெயர் என்ன?) என்று கேட்கிறார்கள். எங்களுக்கு இனிஷியல் மட்டும்தான் என்றேன். தமிழ் பேசுகிற ஒரு ஓனர், ‘சொந்த ஊர்ல எந்தத் தெரு, குலதெய்வம் எது?’ என்று கேட்டார். பதில் சொன்னேன், மறுநாள் வீடு இல்லை என்றுவிட்டார். சும்மா தெரிஞ்சுக்கக் கேட்டார் என்கிறார் என் மாமா.
– வாசகர், சித்தூர், ஆந்திரா

பதில்: உங்கள் மாமாவிடம் எனக்குச் சண்டை இருக்கிறது. சும்மா கேட்டவர் ஏன் மறுநாள் வீட்டைப் பூட்டினார்?

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது பெரிய அளவில் நடந்தும் காட்டியது, நம் பெயரைப் பார்த்து ஜாதி சொல்ல முடியாது. ஆனால் தெரிந்தே தீரவேண்டும் என்கிறவர்கள் சுற்றுவழி கண்டுபிடித்துவிட்டார்கள். எந்தத் தெரு என்பார்கள், வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்பார்கள், தோளில் தட்டிப் பேசுகிற சாக்கில் முதுகில் பூணூல் தடவிப் பார்க்கிறவர்களும் உண்டு. தெலுங்கில் வீட்டுப் பெயர் என்பது சாதாரணமாக எல்லோரும் கேட்பது, பரம்பரையைச் சொல்வது, அதற்காக எல்லா தெலுங்குக்காரரையும் சந்தேகப்பட வேண்டாம். பஸ்ஸில் கேட்டால் அது பேச்சு. வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அது சல்லடை. வீடு கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. வாடகை கட்ட முடியுமா, வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வீர்களா என்பதற்குமேல் அவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த ஓனர் கேட்டால், ‘எதுக்குங்க கேக்கறீங்க?’ என்று மரியாதையாகவே கேளுங்கள். இந்த ஒரு வரியைத் தாங்க முடியாதவர் வீட்டில் குடியிருந்தாலும் நிம்மதி இருக்காது. அலைச்சல்தான், தெரியும். ஆபீசில் ஏற்கெனவே வாடகைக்கு இருக்கிறவர்களிடம் விசாரியுங்கள், அவர்களுக்கு எந்த ஓனர் எப்படி என்று தெரிந்திருக்கும். அப்புறம், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிறர் பார்க்கக் கேட்க ஜாதிப் பெயர் சொல்லி ஏசுவது 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பேச்சு அந்த அளவுக்குப் போனால் பொறுத்துக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

கேள்வி: கஞ்சிக்கோட்டில் டீக்கடை வைத்திருக்கிறேன். ஒடிசா, பீகார், அஸ்ஸாம் பையன்கள் நிறைய வருகிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் சிலர் சிரித்துப் பேசுகிறார்கள், சிலர் முகம் சுருங்கி எழுந்து போய்விடுகிறார்கள். கேட்கலாமா, வேண்டாமா?
– வாசகர், கஞ்சிக்கோடு

பதில்: கேளுங்கள், ஆனால் பழகிய பிறகு கேளுங்கள். ஆதார் எங்கே, பங்களாதேஷா என்று யாரோ ஒருவர் அதட்டிக் கேட்ட அனுபவம் அந்தப் பையனுக்கு ஏற்கெனவே இருந்திருக்கலாம். நீங்கள் டீ ஆற்றிக்கொண்டே கேட்கும் அதே கேள்வி அவன் காதில் அந்தக் குரலில்தான் விழும். 2014 ஜனவரியில் டெல்லியில் அருணாசலப் பிரதேசத்து இளைஞர் நிடோ டானியாவை அவர் தோற்றத்தைக் கிண்டல் செய்து, அதில் எழுந்த தகராறில் அடித்தார்கள், அவர் இறந்துபோனார். வடகிழக்கு மக்களின் குறைகளைக் கேட்க பெஸ்பருவா குழுவை மத்திய அரசு அமைத்தது அதற்குப் பிறகுதான். இந்தப் பையன்கள் எச்சரிக்கையாக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

அவன் வழக்கமாக எத்தனை சர்க்கரை போடச் சொல்வான் என்பது உங்களுக்கு நினைவிருந்தால் போதும், ஊரை அவனே சொல்வான். சொன்னதும் அங்கே இப்போது மழையா, என்ன விளையும் என்று கேளுங்கள். ஏன் இவ்வளவு தூரம் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: நான் தமிழ், மருமகள் மலையாளம், வீடு களியக்காவிளைப் பக்கம். பேரனைப் பள்ளியில் ‘நீ தமிழா மலையாளியா?’ என்று கேட்கிறார்களாம். வீட்டுக்கு வந்து அழுகிறான். சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்று என்ன எழுதுவது என்றும் வீட்டில் தகராறு.
– வாசகர், விளவங்கோடு தாலுகா

பதில்: ஐயா, உங்கள் தாலுகாவில் இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் ரத்தமே சிந்தியிருக்கிறது. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போராடியவர்கள்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1956-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அந்த வழக்கு தீர்ந்துவிட்டது, அதை ஒரு சின்னப் பையன் தலையில் மறுபடி வைக்க வேண்டாம். ‘ரெண்டும்’ என்று சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுங்கள், வகுப்பு ஆசிரியரை நேரில் பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள்.

படிவத்துக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வைத்திருக்கும் முறையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். குழந்தைப் பருவத்தில் பிள்ளையிடம் அம்மா பேசிய மொழிதான் தாய்மொழி என்பது அவர்கள் கணக்கு, தெரிந்த வேறு மொழிகள் இரண்டை எழுதத் தனிக் கட்டமும் உண்டு. மருமகள் அவனிடம் எந்த மொழியில் பேசி வளர்த்தார் என்று அவரையே கேட்டு அதை எழுதுங்கள். வேறு மொழிக்கு இடம் இருந்தால் மற்றதை அங்கே எழுதுங்கள், இல்லாவிட்டால் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.