அட்வான்ஸ் கொடுத்தவர் இழுத்தடிக்கிறார்: வீட்டை வேறு ஆளுக்கு விற்கலாமா?

கேள்வி: அப்பா எனக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்த வீட்டை விற்பதற்காகத் தை மாதம் ஒருவருடன் கிரய ஒப்பந்தம் போட்டுப் பதிவும் செய்தோம். விலை 68 லட்சம். முன்பணம் 7 லட்சம். அதில் 5 லட்சம் வங்கி வழியாகவும் 2 லட்சம் ரொக்கமாகவும் வந்தது. சித்திரைக் கடைசிக்குள் கிரயம் முடிக்க வேண்டும், வாங்குபவர் தவறினால் முன்பணத்தை இழப்பார் என்று எழுதியிருக்கிறது. பட்டா அப்பா பெயரிலேயே இருந்தது. அதை என் பெயருக்கு மாற்றி வாங்க வைகாசிக் கடைசி ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் அவர் வரவில்லை. முதலில் வங்கிக் கடன் தாமதம் என்றார். பிறகு ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்து, மாடிப்படிக்குக் கீழே சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, 3 லட்சம் குறையுங்கள் என்றார். (வீடு காட்டுவதற்கு முன் அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்திருந்தோம்.) அடுத்து, மராமத்து பார்க்கச் சாவியை இப்போதே கொடுங்கள் என்றார். பத்திரத்தில் 45 லட்சம் போட்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். இப்போது ஆடி பிறந்துவிட்டதாம், ஆவணியில் பேசலாமாம். இதற்கிடையில் வேறொருவர் 70 லட்சம் தரத் தயாராக இருக்கிறார். "ஏழு லட்சம் உங்களுக்குத்தான், வித்துட்டுப் போங்க" என்கிறார் புரோக்கர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள் அம்மா. புரோக்கருக்கு இரண்டாவது கமிஷன் கிடைக்கும், உங்களுக்கு ஒரு வழக்கு கிடைக்கும். ஆனால் நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்கவும் தேவையில்லை. முதல் ஒப்பந்தத்தை முறைப்படி முடித்துவிட்டு, அப்புறம் இரண்டாவது ஆளிடம் போக வேண்டும். அதற்குக் கொஞ்சம் பொறுமையும் நிறைய எழுத்து வேலையும் வேண்டும்.

ஏன் இப்போதே விற்கக் கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிரய ஒப்பந்தம் மட்டும் வாங்குபவருக்கு வீட்டின் மீது எந்த உரிமையையும் தந்துவிடாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். புரோக்கர்கள் இதை மட்டும் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் கிரய ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். உங்களுடையது பதிவாகியிருக்கிறது, அதனால் வில்லங்கச் சான்றில் வரும். 70 லட்சக்காரர் "எனக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் இருந்ததே தெரியாது" என்று நாளைக்குச் சொல்ல முடியாது; பதிவான ஆவணம் தெரிந்த ஆவணம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரிந்தே வாங்கியவர் மீதும் முதல் ஒப்பந்தக்காரர் வழக்குப் போட்டு, கிரயத்தைத் தன் பெயருக்கு வாங்கலாம். அப்படி நடந்தால் 70 லட்சம் கொடுத்தவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? ஒப்பந்தத்தை மறைத்து விற்றார்கள் என்று காவல் நிலையத்துக்கும் போவார்.

சரி, முதல் ஆள் வழக்குப் போட்டால் ஜெயிப்பாரா? அதற்குப் பெயர் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு. கிரயத்துக்கு நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் போடலாம். அதில் ஜெயிக்க, பணத்தோடு தயாராகவும் விருப்பமாகவும் கடைசிவரை இருந்தேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும். 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு மதுரை வீட்டு வழக்கை நாங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவோம். விலை 60,000, முன்பணம் 5,000, கெடு 6 மாதம். வாங்குபவர் இரண்டரை வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, விலை ஏறிய பிறகு கிரயம் வேண்டும் என்று வந்தார். கிடைக்கவில்லை.

அந்த வழக்கைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் நான் நின்றேன்.

ஒன்று பட்டா. கெடு சித்திரையோடு முடிந்தது, உங்கள் பெயருக்குப் பட்டா வந்தது வைகாசிக் கடைசியில். பட்டா இல்லாமல் அவருடைய வங்கி கடன் கொடுக்காது. ஆக முதல் கெடு தவறியதற்கு நீங்களும் ஒரு காரணம். "சித்திரையிலேயே தவறிவிட்டார், ஒப்பந்தம் ரத்து" என்று நோட்டீஸ் விட்டீர்கள் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் பட்டாவில் இருக்கும் தேதியைத்தான் முதலில் நீட்டுவார். எனவே கணக்கை அவருக்குப் பட்டா நகல் கொடுத்த நாளிலிருந்து தொடங்குங்கள். நகல் கொடுத்ததற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இரண்டாவது அந்தப் பெயின்ட். விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத முக்கியமான குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் அது மோசடிக்குச் சமம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வீட்டை விற்கும்போது வெள்ளை அடிப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஓதம் தெரிந்து, அதை மறைக்க அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடித்தீர்களா, வீடு முழுக்க அடித்ததில் அதுவும் சேர்ந்ததா? இதற்கான உண்மையான பதிலை எனக்கு எழுத வேண்டாம், உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். எப்படியிருந்தாலும் ஒரு பொறியாளரை வைத்து அந்தச் சுவரைச் சரிசெய்ய என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். 40,000 ரூபாய் வேலை என்று வந்தால், அதை விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களே எழுதிக்கொடுத்துவிடலாம். 3 லட்சம் குறைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மேஸ்திரி வாயால் சொன்ன தொகை மதிப்பீடு ஆகாது. ஆனால் நியாயமான தொகையைக் கொடுக்க முன்வந்தவர் என்ற பெயர் கோப்பில் இருக்கட்டும். வழக்கு என்று வந்தால் அந்த ஒரு கடிதம் பேசும்.

சாவி விஷயத்தில் மட்டும் கொஞ்சம்கூட இளகாதீர்கள். பதிவான ஒப்பந்தத்தோடு வீட்டையும் அவர் கைவசம் கொடுத்துவிட்டால் சொத்து மாற்றுச் சட்டத்தில் 53-ஏ என்று ஒரு பிரிவு வந்து நிற்கும். தன் பங்கைச் செய்ய அவர் தயாராக இருக்கும்வரை அவரை நீங்கள் வெளியேற்ற முடியாது. நாலு மூட்டை சிமெண்ட் இறக்குவார், ஒரு கொத்தனார் வருவார், பிறகு ஒரு கட்டில் வரும். 7 லட்சத்தைக் கொடுத்துவிட்டு 68 லட்ச ரூபாய் வீட்டில் அவர் இருப்பார், நீங்கள் கோர்ட்டில் இருப்பீர்கள். அளவு எடுக்க வேண்டுமா, வரட்டும். நீங்கள் கூட நின்று கதவைத் திறந்து, கூட நின்று பூட்டுங்கள். அசல் பத்திரங்களுக்கும் இதே கதைதான். கேட்டால் காட்ட வேண்டியது உங்கள் கடமை, கையில் கொடுத்தனுப்புவது கடமை இல்லை. முழுப் பணமும் வந்த பிறகுதான் அவை கை மாறும்.

45 லட்சம் யோசனையில் லாபம் முழுக்க அவருக்கு. இங்கே முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9%. 23 லட்சத்தை மறைத்தால் 2 லட்சத்துக்கு மேல் அவருக்கு மிச்சம். வழிகாட்டி மதிப்பும் 50 லட்சத்துக்குக் கீழே இருந்தால், உங்களுக்குக் கொடுக்கும் பணத்தில் அவர் பிடித்துக் கட்ட வேண்டிய 1% வருமான வரி வேலையும் போய்விடும். உங்கள் பங்குக்கு வருவது என்ன? வீடு நிலம் விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. ஏற்கெனவே 2 லட்சம் அப்படி வாங்கியிருக்கிறீர்கள், அதை உங்கள் ஆடிட்டரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகத்தான்.

இனி செய்ய வேண்டியது. ஆவணியில் பேசலாம் என்று அவர் சொன்னதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? "சரி சார், பார்க்கலாம்" என்று எழுதியிருந்தால் கெடுவை நீங்களே நீட்டிக்கொடுத்ததாக வாதம் வரும். என்னிடம் வந்த ஒரு வழக்கில் வாங்குபவர் "ரெண்டு மாசம் டைம் கொடுங்க" என்று கேட்டதற்கு என் கட்சிக்காரர் ஒரு கட்டைவிரல் படத்தைத்தான் அனுப்பினார். எதிர்த்தரப்பு அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துச் சான்றாவணமாகப் போட்டிருந்தது. இன்றிலிருந்து அவர் போனில் பேசினால், பேசி முடித்ததும் அதன் சாரத்தை நீங்களே செய்தியாக அனுப்பிவிடுங்கள்: "விலையைக் குறைக்கக் கேட்டீர்கள், எனக்குச் சம்மதம் இல்லை. ஒப்பந்தப்படி கிரயம் செய்ய நான் தயார்."

அடுத்தது வக்கீல் நோட்டீஸ். வீடு, நிலம் விஷயத்தில் ஒப்பந்தத்தில் தேதி எழுதியிருந்தாலும், அந்தத் தேதி தாண்டினாலே ஒப்பந்தம் போச்சு என்று நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் கெடு தாண்டிய பிறகு நியாயமான அவகாசம் கொடுத்து, இதுவே கடைசி என்று எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடி என்ற சாக்கையும் அவரிடமிருந்து பிடுங்கிவிடுங்கள். ஆவணியில் வளர்பிறை முகூர்த்த நாள் ஒன்றையே குறியுங்கள். நோட்டீஸின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

"தங்கள் வங்கி கேட்ட பட்டா தங்களுக்குக் கொடுக்கப்பட்ட பிறகும் தாங்கள் கிரயத்தை முடிக்க முன்வரவில்லை. ஒப்பந்த விலையைக் குறைக்கவும், பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டவும் தாங்கள் கேட்டதை என் கட்சிக்காரர் ஏற்கவில்லை. ஆவணி மாதம் இன்ன தேதி காலை 11 மணிக்கு மீதத் தொகையுடன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கிரயத்தை முடித்துக்கொள்ள இறுதி வாய்ப்பு தரப்படுகிறது. என் கட்சிக்காரர் அசல் ஆவணங்களுடன் அங்கே காத்திருப்பார். இந்தக் கெடு இவ்வொப்பந்தத்தின் சாராம்சமாகக் கொள்ளப்படும். தவறினால் ஒப்பந்தம் ரத்தாகும்."

ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பி, அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். குறித்த நாளில் நிஜமாகவே போய் உட்காருங்கள். பத்திர வரைவு, அசல் ஆவணங்கள், வீட்டு வரி ரசீது, அன்றைய வில்லங்கச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். அவர் வராவிட்டால், நீங்கள் வந்து காத்திருந்ததைச் சொல்லி அலுவலகத்தின் தபால் பிரிவில் ஒரு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ரத்து நோட்டீஸ் தனியாகப் போக வேண்டும். முறைப்படி ரத்து செய்த பிறகு, அந்த ரத்து செல்லாது என்ற விளம்புகையை, அதாவது நீதிமன்றத்தின் அறிவிப்பை, கோராமல் கிரயம் மட்டும் கேட்டுப் போட்ட வழக்கு நிலைக்காது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் இந்த இரண்டாவது நோட்டீஸைச் சடங்காக நினைக்காதீர்கள்.

ஒருவேளை அவர் பணத்தோடு வந்துவிட்டால்? 68 லட்சத்துக்குக் கிரயம் செய்து கொடுங்கள். 2 லட்சம் கூடுதலாகத் தருகிறவர் வந்துவிட்டார் என்பது ஒப்பந்தத்தை உடைக்கக் காரணம் ஆகாது.

7 லட்சத்தை வைத்துக்கொள்ளலாமா என்பது தனிக் கேள்வி. முன்பணம் என்று எழுதினாலே போதாது, ஒப்பந்தம் நிறைவேறும் என்பதற்கான உத்தரவாதமாகக் கொடுத்ததாக வாசகம் காட்ட வேண்டும். 1963-இல் வந்த ஒரு டெல்லி பங்களா வழக்கில் விற்றவர் 25,000 ரூபாயை வைத்துக்கொள்ளப் பார்த்தார்; உத்தரவாதத் தொகையான 1,000 போக மீதி 24,000-ஐ உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. 2012-இல் வந்த இன்னொரு வழக்கில் விலை 70 லட்சம், உத்தரவாதமாகக் கொடுத்தது 7 லட்சம், அந்த 7 லட்சத்தையும் விற்றவர் வைத்துக்கொள்ளலாம் என்றது. உங்கள் தொகை இரண்டாவது வழக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாசகமும் தோதாக இருக்கிறது. ஆனால் பட்டா தாமதமும் பெயின்டும் அந்தப் பக்கத் தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. வைத்துக்கொண்டால் அந்தத் தொகை வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரியும் வரும்.

என் யோசனையைக் கேட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பேன், ஒரு நிபந்தனையோடு. பதிவான ஒப்பந்தத்தை நீங்கள் ஒருவர் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. இருவரும் கையெழுத்திட்ட ரத்து ஆவணம் பதிவானால்தான் வில்லங்கச் சான்றில் அது தெரியும். அது இல்லாவிட்டால் உங்கள் 70 லட்சக்காரருக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்கத் தயங்கும். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் ரத்து செல்லும் என்று சிவில் நீதிமன்றத்தில் நீங்கள் விளம்புகை கேட்க வேண்டும், அது வருடக்கணக்கு. ஆகவே அந்த 7 லட்சம் உங்கள் கையில் இருக்கும் நல்ல சாவி. நோட்டீஸ் போனபின் சமரசம் பேச ஆள் அனுப்புவார், பெரும்பாலும் அனுப்புவார்கள். அப்போது ரத்து ஆவணத்தில் கையெழுத்து, அதே மேஜையில் டிமாண்ட் டிராஃப்ட் என்று சொல்லுங்கள். பணத்தை முன்னால் கொடுத்துவிட்டுக் கையெழுத்துக்காகப் பின்னால் நடக்காதீர்கள்.

70 லட்சக்காரரிடம் நடந்ததை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள். ரத்து ஆவணம் பதிவாகும்வரை அவரிடமிருந்து டோக்கன் அட்வான்ஸ் என்று ஆயிரம் ரூபாய்கூட வாங்க வேண்டாம்.