இணையம் இருக்கும்போது சிற்றலை வானொலி கேட்பதில் இன்னும் என்ன இருக்கிறது? எப்படித் தொடங்குவது?

கேட்டவர் வீட்டில் பழைய றேடியோ ஒன்று இருக்கிறதாம். எல்லா வானொலியும் செல்பேசியிலேயே வரும்போது அதைத் தூசு தட்டி எடுப்பதில் பயன் உண்டா என்கிறார். உண்டு. கட்டாயம் எடுங்கள்.

எனக்கு இந்தப் பழக்கம் ஒரு சைக்கிளில் இருந்து வந்தது. 1990 நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. பற்றறியும் பொருளாதாரத் தடைக்குள் வந்துவிட்டது. எங்கள் விறாந்தையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைப் பின் சில்லில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நடுவில் நாலு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் பொருத்தித் தந்தவர் பெரியப்பா.

இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. ஜாம் போத்தல் விளக்கு ஒன்று எரியும், அயலட்டைச் சனம் படியில் வந்து இருக்கும். சுற்றுவது என் வேலை. கை சோர்ந்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துகொண்டே போகும். உடனே "தம்பி, சுத்து சுத்து" என்று நாலு பக்கத்திலும் இருந்து சத்தம் வரும்.

9.45க்கு எல்லோரும் எழும்பிப் போய்விடுவார்கள். நான் மட்டும் வலக்கையால் பெடலைச் சுற்றிக்கொண்டு இடக்கையால் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவேன். கரகரப்புக்குள் இருந்து ஒரு மெட்டு வரும், என்னவென்று தெரியாத ஒரு மொழி வரும், பிறகு அலை வாங்கிக்கொண்டு போய்விடும். வெளியே போக வழியில்லாத ஊரில் இருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் குரல்கள் வந்த வழியைப் பிறகுதான் படித்தேன். சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரை. பூமிக்கு மேலே உள்ள அயன மண்டலம் இந்த அலைகளைத் திருப்பிக் கீழே அனுப்பும். கடலில் பட்டு மறுபடி மேலே போகும், மறுபடி இறங்கும். பகலில் அந்த மண்டலத்தின் கீழ்ப் படை கீழ் அதிர்வெண்களை விழுங்கிவிடும். பொழுது பட்டதும் அந்தப் படை கலைந்துவிடும். அதனால்தான் இரவில் 49, 41, 31 மீற்றர் பட்டைகள் (அலைநீளத்தால் பெயர் பெற்ற அலைவரிசைகள்) உயிர் பெறுகின்றன. பகலில் 25, 19 மீற்றர்களில் தேடவேண்டும்.

செல்பேசியில் வருவது பல நிறுவனங்களின் கம்பிகளையும் கணினிகளையும் தாண்டி வருகிறது. சிற்றலையில் அங்கே ஒரு கோபுரம், இங்கே என் ஏரியல் வயர், நடுவில் வானம். எனக்கு இதுவே போதுமான காரணம்.

இரைச்சலைப் பற்றியும் சொல்லவேண்டும். இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் பெரிய தொல்லை எல்ஈடி பல்ப்பும் சார்ஜரும் கிளப்பும் மின் இரைச்சல்தான். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது அல்லவா? அப்படி ஒரு இரவு பற்றறி றேடியோவோடு மொட்டை மாடிக்குப் போனேன். ஊரே இருட்டு. முள்ளைத் திருப்பினால் இரைச்சலே இல்லை. நிலையங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தெளிவாக நின்றன. 90களில் அவ்வளவு துப்புரவாகக் கேட்டதற்கும் இதுதான் காரணம் என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஆகவே கேட்கமுன் வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக நிறுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் குற்றவாளி சமையலறைப் பல்ப்.

பழைய றேடியோ வேலை செய்யாவிட்டால் டெக்சன் போன்ற சிறிய டிஜிட்டல் பெட்டி போதும். அதைவிட முக்கியம் வயர். பத்து மீற்றர் சாதாரண வயரை மாடியில் இருந்து முருங்கைக்கோ தென்னைக்கோ இழுத்து, மற்ற நுனியைப் பெட்டியின் ஏரியலில் கவ்விவிடுங்கள். இடி மின்னல் என்றால் முதலில் அதைக் கழற்றிவிடவேண்டும்.

அப்புறம் ஒரு கொப்பி. திகதி, அதிர்வெண், கேட்டது என்ன, எவ்வளவு தெளிவு என்று எழுதுங்கள். நேரத்தை எங்கள் நேரத்தில் இருந்து ஐந்தரை மணித்தியாலம் கழித்து, உலகப் பொது நேரமாக எழுதவேண்டும். நிலையத்துக்கு அனுப்பினால், நீங்கள் கேட்டதை உறுதிசெய்யும் கியூஎஸ்எல் அட்டை வரும். 2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த பிறகு எனக்கு வந்த முதல் அட்டை ருமேனியா வானொலியுடையது. நான் எழுதி அனுப்பிய அதே அதிர்வெண்ணும் நிமிடமும் அதில் பேனாவால் எழுதியிருந்தன. அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன்.

தமிழில் கேட்க முன்புபோல் இல்லை. தமிழோசை வானொலி 2017 ஏப்ரலில் நின்றது. மணிலாவில் இருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணி 2018இல் சிற்றலையை விட்டது. இரண்டும் நின்ற நாட்களில் வீட்டில் யாரோ செத்ததுபோல் இருந்தேன், இப்போதும் அந்தக் கவலை போகவில்லை. ஆனாலும் பிபிசி ஆங்கிலம், சீனா, ருமேனியா, நியூசிலாந்து எல்லாம் வானில் இருக்கின்றன.

சரி, இன்றிரவே வயரை இழுத்துவிட்டு 10,000 கிலோஹேர்ட்ஸுக்குத் திருப்புங்கள். சரியான நேரத்தை அறிவிக்கும் சீனாவின் பிபிஎம் நிலையம் நொடிக்கு ஒருதரம் 'டிக்' என்று அடித்துக்கொண்டிருக்கும். அது கேட்டால் உங்கள் வயர் சரி. அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கி 31 மீற்றருக்கு வாருங்கள்.