பிரசவத்தில் குழந்தைக்குக் காயம்: யாரிடம் முறையிடலாம்?

கேள்வி: என் தங்கைக்கு ஐந்து மாதத்துக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் சுகப்பிரசவம் ஆனது. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. குழந்தை 4 கிலோவுக்கு மேல். தோள் மாட்டிக்கொண்டு, இழுத்துத்தான் எடுத்தார்கள். அன்றிலிருந்து வலது கையை அசைப்பதில்லை. "தானாகச் சரியாகிவிடும்" என்றார்கள். இப்போது இலவசமாக பிசியோதெரபி தருகிறோம், "எந்தப் புகாரும் இல்லை" என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா? வழக்குக்குப் போனால் செலவு தாங்குமா? (வாசகி, தென்காசி மாவட்டம்)

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். கை எந்த அளவுக்குத் தேறும் என்றே தெரியாத நேரத்தில் போடும் கையெழுத்து, பின்னால் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். பிசியோதெரபியை வேறு இடத்திலும் செய்துகொள்ளலாம்.

வழக்கை விட அவசரம், குழந்தையின் கை. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து இழுபட்டதால் வந்தது இது. நிறைய குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிறது, அதனால் அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முழங்கையை மடக்கும் பலம் வராவிட்டால், நரம்பு அறுவை சிகிச்சை தேவையா என்று அதற்கான நிபுணர் பார்த்தாக வேண்டும். நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இந்த மாதமே எங்காவது காட்டிவிடுங்கள்.

அப்புறம், கேஸ் ஷீட், அதாவது மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவுகள். மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். உங்கள் தங்கை பெயரில் எழுதி, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. சர்க்கரை அளவுகள், கடைசி ஸ்கேனில் கணித்த எடை, பிரசவ அறைக் குறிப்பு, குழந்தையின் இதயத்துடிப்பு கிராஃப், குழந்தை மருத்துவரின் குறிப்பு எல்லாவற்றின் நகலும் வேண்டும். வழக்கு நிற்பதும் விழுவதும் இந்தக் காகிதங்களில்தான்.

ஒன்றை மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள். காயம் பட்டது என்பதாலேயே மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்று ஆகிவிடாது. தோள் மாட்டுவதைப் பல நேரம் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறு. சர்க்கரையும் எடையும் தெரிந்திருந்தும் சிசேரியன் பற்றி உங்களிடம் பேசினார்களா? பிரசவ நேரத்தில் மகப்பேறு மருத்துவர் அறையில் இருந்தாரா? தோள் மாட்டியதும் தாயின் கால்களை வயிற்றோடு மடக்கி, அடிவயிற்றில் அழுத்தி விடுவித்தார்களா, அல்லது தலையைப் பிடித்து இழுத்தார்களா? குறிப்பில் இதெல்லாம் எழுதியிருக்கிறதா? நகல் கிடைத்ததும், அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஒரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பிரசவ வழக்கில் அது இல்லாமல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வது நீங்கள் மருத்துவமனைக்குக் கட்டிய தொகைதான், கேட்கும் இழப்பீடு அல்ல. கட்டியது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் புகார் கட்டணமே கிடையாது. கெடு இரண்டு ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். குழந்தைக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாக இழப்பீடு கேளுங்கள். 1998இல் மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில், குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சமும் வழங்கியதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் மருத்துவர் மேல் நடவடிக்கை வரலாம், பணம் வராது. போலீஸ் வழக்குக்கு மிக மோசமான கவனக்குறைவு என்று காட்ட வேண்டும்.

கேள்வி: என் மகன் அரசு மருத்துவமனையில் பிறந்தான். மூளை முடக்குவாதம். இப்போது நான்கு வயது. இலவச சிகிச்சை என்பதால் எதுவும் கேட்க முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமான மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சிலரிடம் கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால், இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோர்தான். மற்றபடி சிவில் நீதிமன்றமும் உயர் நீதிமன்ற ரிட் மனுவும் (அரசுக்கு எதிராக நேரடியாகப் போடும் மனு) இருக்கின்றன. 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டு, பார்வை போய்விட்டது. 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் தரச் சொன்னது.

சிவில் வழக்கில் மைனரின் உரிமைக்கான கெடு பொதுவாக 18 வயதுக்குப் பிறகே ஓடத் தொடங்கும். ஆனால் உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள்தான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலம் கடந்திருந்தாலும் ஆவணங்கள் மிச்சமிருக்கலாம், நகல் கேட்டு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். மூளை முடக்குவாதத்தில் பெரும்பாலானவை பிரசவத்தால் வருவதில்லை என்பதால், பிறந்த முதல் நாட்களில் வலிப்பு வந்ததா, எம்.ஆர்.ஐ. என்ன காட்டியது என்று குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வழக்கு நடக்கிறதோ இல்லையோ, மகனுக்கு யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், ஆண்டுக்கு 1 லட்சம் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடும் வாங்கிவிடுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.